அசையாமல் நின்ற நான்கு நிறங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாரல் நூல் நூலாக இறங்கிக்கொண்டிருந்தபோது அடுப்படியிலிருந்து ஒரு வாடை வந்தது. ஆரஞ்சுத் தோலையும் இருமல் மருந்தையும் ஒன்றாகப் போட்டுக் காய்ச்சினால் வருமே, அந்த மாதிரி. நான் கூடத்தில் உட்கார்ந்து ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். வாடை மூக்கில் பட்டதும் பேனாவை மூடி வைத்தேன். எழுந்து போய்ப் பார்த்தால், ஒன்பது வயது மகள் ஒரு நீளக் கண்ணாடி டம்ளரின் முன்னால் குனிந்து, கரண்டியைக் கவிழ்த்துப் பிடித்து, அதன் முதுகில் நீல நிறத்தில் எதையோ சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருக்கிறாள். அடியில் சிவப்பு. அதற்கு மேல் மஞ்சள். அதற்கும் மேல் நீலம். பக்கத்தில் செல்போனைச் சாய்த்து வைத்திருக்கிறாள். அதில் யாரோ ஒரு பெண்ணின் கை மட்டும் தெரிகிறது, அதே வேலையைச் செய்துகொண்டு.

"அம்மா, ஆடாதீங்க. நீங்க நடந்தா கலங்கிரும்" என்றாள்.

நான் அப்படியே பின்னால் நகர்ந்து கொல்லைப்புறம் போய் வாய் கொப்பளித்தேன். ஒன்றும் குடிக்காமலே. மூன்று தடவை.

உங்களுக்கு இது கொஞ்சம் அதிகப்படியாகத் தோன்றும். பச்சைப் பிள்ளை ஒரு சர்பத் போட்டதற்கு இப்படியா என்று கேட்பீர்கள். என் கணவரும் அதைத்தான் கேட்டார். அவரிடம் சொல்லத் தெரியவில்லை. உங்களிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

நிறம் போட்ட சர்பத் என்றால் எனக்குச் சின்ன வயதில் கொள்ளை ஆசை. தென்காசியில் கோயில் வாசல் பக்கம் ஒரு சர்பத் கடை இருந்தது. கடைக்காரர் நன்னாரிப் பாகை ஊற்றிவிட்டு எலுமிச்சையைக் கட்டைவிரலாலேயே பிழிவார். அந்தக் கட்டைவிரல் நகம் எப்போதும் கறுத்திருக்கும். அதே விரலால் மூக்கைத் துடைப்பதையும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் வாங்கிக் குடித்துவிட்டு, வீடு வரும்வரை நாக்கை வெளியே நீட்டி, அதில் என்ன நிறம் இருக்கிறது என்று மாறுகண் போட்டுப் பார்த்துக்கொண்டே வருவேன். அந்த வயதில் அருவருப்பு கிடையாது. அது பிறகு வருவது. எனக்கு எந்த நாளில் வந்தது என்று என்னால் சொல்ல முடியும்.

சீசன் நாள் அது. நீங்கள் குற்றாலத்துக்குச் சீசனில் வந்திருக்கிறீர்களா? வெளியூர்க்காரர்களுக்கு அருவி தெரியும், மலை தெரியும், முகத்தில் அடிக்கிற சாரல் தெரியும். பக்கத்து ஊரில் இருக்கிற எங்களுக்கு வேறு சிலவும் தெரியும். கால் வைத்தால் வழுக்குகிற எண்ணெய்த் தரை, கிழிந்த ஷாம்பூ உறைகள், நனைந்த செய்தித்தாளில் ஒட்டிக்கொண்டு கிடக்கும் மிளகாய் பஜ்ஜி, யாரோ கழற்றிவிட்டுப் போன உள்ளாடை, அதன் மேல் உட்கார்ந்து வாழைப்பழத் தோலை உரிக்கும் குரங்கு. வேன்களின் ஜன்னலில் ஈர வேட்டிகள் படபடத்துக்கொண்டு போகும். குளித்து முடித்தவர்களுக்கு ஒரு திருப்தி முகத்தில் இருக்கும் பாருங்கள், உலகத்தில் இனி தங்களுக்கு எதுவும் மறுக்கப்படாது என்கிற மாதிரி. அந்த முகத்தோடுதான் அவர்கள் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள்.

அதற்கு முன்னால் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அப்பா தென்காசிக்கும் திருநெல்வேலிக்கும் ஓடுகிற பஸ்ஸில் முப்பது வருடம் கண்டக்டர். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டுக்குள் நடக்கும்போது கால்களை அகட்டித்தான் வைப்பார், தரை எந்த நேரமும் வளைவில் திரும்பிவிடும் என்பது போல. ஒன்பது வருடமாகச் சர்க்கரை நோய். அம்மா அவருக்குக் காலையில் கேப்பைக் களி, இரவில் இரண்டு கோதுமைத் தோசை என்று கணக்காக வைத்திருந்தாள். காப்பியில் சீனி கிடையாது. கல்யாண வீட்டுக்குப் போனால் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து, அவர் இலையில் விழுகிற லட்டை எடுத்துத் தன் இலைக்கு மாற்றிவிடுவாள். அப்பா லட்டு போகிற திசையை மட்டும் பார்ப்பார்.

அண்ணன் சார்ஜாவில். அவனுடைய மனைவி, என் மதினி, எங்களோடுதான் இருந்தாள். செங்கோட்டைக்காரி, என் வயதுதான். கல்யாணம் ஆன நாற்பதாம் நாள் அண்ணன் விமானம் ஏறிவிட்டான். அதற்கப்புறம் அவளுக்கென்று அந்த வீட்டில் இருந்தது ஒரு கட்டிலும், அவன் வாங்கி அனுப்பிய ஒரு போனும்தான். அந்தப் போனில் கேக், புட்டிங், ஜூஸ் என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். அண்ணன், ஊருக்கு வந்த நண்பர் ஒருவரிடம் பேரீச்சம்பழத்தோடு ஒரு நீலப் பாட்டிலையும் கொடுத்தனுப்பியிருந்தான். அட்டையில் கடற்கரை, தென்னை மரம், குடை சொருகிய டம்ளர். சாராயம் இல்லை, வெறும் சீனிப்பாகும் நிறமும்தான் என்று மதினி அம்மாவிடம் சத்தியம் செய்து கொடுத்த பிறகுதான் அது அலமாரிக்குள் நுழைய முடிந்தது.

நான் தென்காசியில் ஒரு சின்னத் தனியார் பள்ளியில் அறிவியல் டீச்சர். என்னைப் பார்க்க அதுவரை நான்கு கூட்டம் வந்து, கேசரி தின்று, காப்பி குடித்து, ஊருக்குப் போய்ச் சொல்கிறோம் என்று போயிருந்தது. ஐந்தாவதாக வருவது விருதுநகர்ப் பக்கம். பையன் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பண்பொழியில் இருக்கிற பெரியம்மா கொண்டுவந்த சம்பந்தம் அது. பையன் கொஞ்சம் மாடர்ன், கேசரி பஜ்ஜியெல்லாம் வைத்தால் பட்டிக்காடு என்று நினைத்துவிடுவான் என்று பெரியம்மா போனில் சொன்னதை மதினி பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறாள். அன்றைக்கே நீலப் பாட்டிலை வெளியே எடுத்துவிட்டாள்.

நான்கு அடுக்கு. சிவப்பு, மஞ்சள், வெள்ளை, நீலம். ஒன்றோடு ஒன்று கலக்கக் கூடாது. அதை நான் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு வர வேண்டும். அதுதான் அவளுடைய திட்டம்.

நான் மறுத்திருக்க வேண்டும். அதைத்தான் இத்தனை வருடம் நினைக்கிறேன். ஆனால் உண்மையைச் சொன்னால் அவளைவிட எனக்குத்தான் ஆர்வம் அதிகமாகிவிட்டது. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆய்வகம் என்று ஒரு அறை இருந்தது, அதில் உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்தார்கள். அடர்த்தி என்கிற பாடத்தை நான் வருடாவருடம் கரும்பலகையில் நான்கு கோடு போட்டுத்தான் நடத்துவேன். கனமானது அடியில் நிற்கும், லேசானது மேலே நிற்கும், எழுதிக்கொள்ளுங்கள். இப்போது முதல்முறையாக அதைக் கண்ணால் பார்க்கிற வாய்ப்பு. முதல் நாள் மதினி ஊற்றியது எல்லாம் கலந்து கழுவின தண்ணீர் மாதிரி ஆனபோது, நான் டீச்சர் குரலில், சீனி எவ்வளவு போட்டே என்று கேட்டேன். அவள் விழித்தாள். அந்த நிமிடத்திலிருந்து அது என்னுடைய வேலை ஆகிவிட்டது.

ஒரு வாரம் பள்ளி விட்டு வந்ததும் அதே பிழைப்புதான். பாலில் வெள்ளை அடுக்கு போடலாம் என்று மதினி சொன்னாள். போட்டோம். அவள் எலுமிச்சையும் சேர்த்திருந்தாள் போல. பால் திரிந்து, கைக்குழந்தை தோளில் கக்கின மாதிரி டம்ளருக்குள் திரிதிரியாக இறங்கியது. அடுத்த நாள் சப்ஜா விதை. ஊறினதும் தவளை முட்டை மாதிரி இருக்கிறது என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைசியில் நான்தான் வழிக்குக் கொண்டுவந்தேன். அடியில் பாகு மாதிரி கெட்டியான ரோஸ் சர்பத். அதற்கு மேல் சீனி போட்டு அரைத்த மாம்பழச் சாறு. வெள்ளைக்கு இளநீர், அதில் கொஞ்சமாகச் சீனி. நீலத்தைச் சில சொட்டு மட்டும் எடுத்து நிறைய வெறும் தண்ணீரில் கரைத்து, ஐஸ் கட்டியின் மேல் கரண்டியைக் கவிழ்த்து, அதன் முதுகில் வழியவிட வேண்டும். மேலே போகப் போகச் சீனி குறைய வேண்டும், அவ்வளவுதான் சூட்சுமம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான்கு நிறமும் கோடு கிழித்த மாதிரி நின்றன. நானும் மதினியும் சத்தம் போடாமல் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம்.

சரியாக வராத டம்ளர்கள் தினமும் நாலைந்து இருக்கும். அவற்றை அடுப்படி மேடையின் ஓரத்தில் ஒதுக்கி வைப்போம். மதினி கீழே ஊற்றிவிட்டாள் என்று நான் நினைத்தேன். நான் ஊற்றிவிட்டேன் என்று அவள் நினைத்தாள். எறும்பு வந்துவிடும் என்று இரண்டு பேரும் சேர்ந்து ஊற்றியிருப்போம் என்று அம்மா நினைத்தாள். டம்ளர்கள் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். யார் கழுவியது என்று யாரும் கேட்கவில்லை.

அந்த வாரம் அப்பா அடிக்கடி எழுந்து கொல்லைப்புறம் போனார். சாரல் குளிருக்கு அப்படித்தான் இருக்கும் என்றாள் அம்மா. தாகம் எடுக்கிறது என்று செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார். நான் நின்று கவனித்திருந்தால் தெரிந்திருக்கும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன், சர்க்கரை கூடினால் என்னென்ன ஆகும் என்று. எனக்கு அந்த வாரம் பூராவும் ஒரே சிந்தனை, நீலம் ஏன் வெள்ளைக்குள் இறங்குகிறது என்பது.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் ஒன்றரை மணிக்கு வந்தார்கள். வேன் ஜன்னலில் ஈரத் துண்டுகள். இறங்கும்போதே எண்ணெய் வாசம். தலை துவட்டியும் துவட்டாமலும் ஐந்து பேர். பையன், அவன் அப்பா, அம்மா, தங்கை, ஒரு மாமா. பையனின் அம்மா உள்ளே வந்ததும் சொன்ன முதல் வாக்கியம், அருவியில் தண்ணீர் அருமையாக விழுகிறது, குளித்துவிட்டு அப்படியே வந்துவிட்டோம் என்பது. அப்படியே என்கிற சொல் எனக்கு உள்ளறைக்குள் கேட்டது. குற்றாலத்துக்கு வந்தவர்கள் பழம் வாங்குவார்கள், மசாலா வாங்குவார்கள், பண்பொழி மலைக்கோயிலுக்குப் போவார்கள். நடுவில் ஒரு பெண்ணைப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் அவர்கள் உட்கார்ந்து எழுந்த இடத்தில் எல்லாம் ஈரம் அச்சுப் போட்டிருந்தது. மாமா காது குடைந்த சுண்டு விரலை நாற்காலிக் கைப்பிடியில் துடைப்பதைக் கதவிடுக்கில் பார்த்தேன்.

அப்பா ஜன்னல் பக்கத்து நாற்காலியில் வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் பேச்சு கொஞ்சம் குழறலாக இருந்தது. வந்தவர்கள் கேட்டதற்குத் தாமதித்துப் பதில் சொன்னார். பெண்ணைப் பெற்றவர், கூச்சப்படுகிறார் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். அம்மா அவரைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள், நன்றாகப் பேசுங்கள் என்கிற மாதிரி.

நான் தட்டோடு வந்தேன். ஐந்து டம்ளர். ஐந்திலும் நான்கு நிறம். பேச்சு நின்றது. தங்கைக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அப்போது உடம்பெல்லாம் பெருமை ஏறியது என்பதை மறைக்க மாட்டேன். நான்கு கூட்டத்தின் முன்னால் தலையைக் குனிந்து நின்றவள், இந்த முறை நிமிர்ந்து நின்றேன். பார்க்க வைத்தது என் முகம் இல்லை என்றாலும், என் கை.

பையன் எழுந்து என் பக்கத்தில் வந்தான். என்னைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்தான். போனை எடுத்தான். வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தால்தான் நிறம் தெரியும் என்று சொல்லி, என்னை ஜன்னல் பக்கம் திரும்பச் சொன்னான். திரும்பினேன். அவன் என் தோளை ஒட்டி நின்று, தட்டுக்கு மேலாக ஜன்னலை நோக்கிப் போனைப் பிடித்தான்.

"ஒரு நிமிஷம் அப்படியே நில்லுங்க. ஆட்டாதீங்க."

ஜன்னலுக்குக் கீழே அப்பா. அவருடைய தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தூங்குகிறார் போல. பிறகு தோள் சாய்ந்தது. கை நாற்காலிப் பிடியிலிருந்து நழுவித் தொங்கியது. நான் பார்த்தேன். நீலம் வெள்ளையில் இறங்கிவிடக் கூடாது என்று தட்டைச் சமமாகப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். வாயைத் திறந்து அப்பா என்று கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் தட்டு ஆடும். இரண்டு மூச்சு நேரம் இருக்குமா, மூன்றா? போன் கிளிக் என்றது. அதற்குப் பிறகுதான் நான் கத்தினேன்.

அவனுடைய திரையிலும் அப்பா இருந்திருக்க வேண்டும். அவனும் பார்த்துக்கொண்டுதான் கிளிக் செய்தான். அவனை நினைத்தால் எனக்குக் குமட்டும். அந்த இரண்டு மூச்சுக்கு அவனும் நானும் ஒரே ஆள் என்று நினைத்தால் இன்னும் அதிகமாகக் குமட்டும்.

அப்பா தரையில் கிடந்தார். அம்மா அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, சுகர், சுகர் என்று அரற்றினாள். மதினி உள்ளங்காலைத் தேய்த்தாள். பையனின் அம்மா குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்து என்னிடம் கேட்டாள்.

"இவருக்கு எத்தனை வருஷமா சுகர்? உங்க குடும்பத்துல எல்லாருக்கும் உண்டா?"

வாசலில் அவர்கள் வேன் நின்றது. டிரைவர் உள்ளேயே இருந்தார். அம்மா அவர்களைப் பார்த்து, வேனில் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் விட்டுவிடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டாள். மாமா செருமிக்கொண்டு, வேன் பெரிசு, சந்தில் திருப்பவே நேரமாகிவிடும், ஆட்டோ என்றால் சட்டென்று போய்விடலாம் என்றார். நல்ல புத்திமதி சொல்கிற குரலில் சொன்னார். ஒருவரும் ஆட்டோ பிடிக்க எழவில்லை. தெருமுனையில் இருந்த ஆட்டோக்கார அண்ணாச்சி ஒருவர் மதினி ஓடிப்போய்க் கூப்பிட்டதும் சாப்பிட்ட கையோடு வந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் அப்பாவின் வாயைத் திறந்து பார்த்துவிட்டுத் திடுக்கிட்டது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. நாக்கு நீலமாக இருந்தது. மூச்சு முட்டினால் அப்படி ஆகுமாம். அவசரமாக மூக்கில் குழாய் வைக்கச் சொன்னார். நர்ஸ் ஈரப் பஞ்சால் வாயைத் துடைத்தபோது பஞ்சில் நிறம் ஒட்டிக்கொண்டு வந்தது. அதைத் தூக்கிப் பிடித்து, இவங்க என்ன குடிச்சாங்க என்று கேட்டார். அம்மா கேப்பைக் களி என்றாள். வேறு எதுவும் இல்லை, கண்ணுக்குள் வைத்துப் பார்க்கிறேன் என்றாள். நானும் மதினியும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். நர்ஸ் விரல் நுனியில் குத்தி மீட்டரில் வைத்தார். அது எண்ணே காட்டவில்லை. தன் அளவுக்கு மேலே போய்விட்டது என்பதற்கு ஹை என்று மட்டும் காட்டியது.

இரண்டு நாள் அவசரப் பிரிவில் வைத்திருந்தார்கள். சலைன் ஏறிக்கொண்டே இருந்தது. மதினி ஒரு வாய் சாப்பிடவில்லை. எல்லாம் என்னால்தான் என்று நடைபாதையில் உட்கார்ந்து அழுதாள். அவளைத் தேற்றுகிற யோக்கியதை எனக்கு இல்லை. பாட்டிலை எடுத்தது அவள். அதை ஒரு வாரத்துப் போட்டியாக்கியது நான்.

ஞாயிறு சாயங்காலமே மாற்றுத்துணி எடுக்க நான் மட்டும் வீட்டுக்குப் போனேன். வந்தவர்கள் கதவைச் சும்மா சாத்தி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். உள்ளே ஈர நாற்காலிகள். ஒரு நாற்காலியில் யாரோ மறந்துவிட்டுப் போன சோப்பு டப்பா. தட்டில் ஐந்து டம்ளர். நான்கு டம்ளர் காலி. அதாவது அப்பாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நாங்கள் போன பிறகு உட்கார்ந்து குடித்திருக்கிறார்கள். ஒரு டம்ளரின் விளிம்பில் உதட்டுச் சாயம், ஒன்றில் மீசை முடி. பையனுடைய டம்ளர் மட்டும் அப்படியே நிறைந்திருந்தது. அவனுக்குப் படம் போதும் போல. ஐஸ் கரைந்து நான்கு மணி நேரம் ஆகியும் நிறங்கள் கலக்காமல் நின்றன. விளிம்பைச் சுற்றி எறும்பு. சில எறும்புகள் நீலத்தில் மிதந்தன. நான் என் வாழ்க்கையில் செய்த வேலைகளிலேயே மிகத் திருத்தமான வேலை அதுதான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு வாந்தி வந்துவிட்டது.

புதன்கிழமை அப்பா தெளிந்து பேசினார். அம்மா கேட்ட கேள்விக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார். நான் தனியாக இருந்தபோதுதான் சொன்னார். முதல் நாள் கலங்கிப்போன டம்ளரைக் கீழே ஊற்ற மனசு வராமல் ஒரு வாய் குடித்துப் பார்த்திருக்கிறார். ஒன்பது வருடத்துக்குப் பிறகு நாக்கில் சீனி. மறுநாள் தாகம் எடுத்தது. அதற்கும் அதையே குடித்தார். கொல்லைப்புறத்துத் துவைகல்லின் பின்னால் நின்று குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்திருக்கிறார். ஞாயிறு காலையிலும் ஒன்று.

"நல்லாத்தான் இருந்துச்சுட்டி" என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கு வெட்கமாக இருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அப்புறம் அவரே சொன்னார், கண் செருகும்போது கடைசியாகப் பார்த்தது என்னைத்தான் என்று.

"பஸ் வளைவுல திரும்பும்போது நிக்க மாதிரில்லா நின்னே. ஒரு சொட்டு சிந்தல. எம் பிள்ளைன்னு நெனச்சேன்."

நான் ஆமாப்பா என்றேன். வேறு என்ன சொல்வது? அவர் சரிவதை நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன் என்று அந்தக் கட்டில் பக்கத்தில் எப்படிச் சொல்வது? அவர் அதைப் பிறகு பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அவ்வளவு கலவரத்திலும் என் மகள் கை நடுங்கவில்லை என்று. ஒவ்வொரு முறையும் நான் அறையைவிட்டு வெளியே போய்விடுவேன். எனக்குக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டார்.

விருதுநகர்க்காரர்கள் பெரியம்மா மூலம் சொல்லி அனுப்பினார்கள், பெண் நன்றாக இருக்கிறது, ஆனால் குடும்பத்தில் சீக்கு இருக்கும் போலிருக்கிறது, யோசிக்க வேண்டும் என்று. அம்மா அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தன் அக்காளிடம் குரலை உயர்த்தினாள். அதற்குப் பிறகு எவர் முன்னாலும் தட்டேந்தி நிற்க மாட்டேன் என்று நான் சொன்னேன், யாரும் மறுக்கவில்லை. மாதாமாதம் அப்பாவுக்கு ரத்தம் எடுக்க வந்த லேப் டெக்னீஷியனைத்தான் ஒன்றரை வருடம் கழித்துக் கட்டிக்கொண்டேன். அப்பாதான் பேச்சை எடுத்தார். அந்தப் பையன் குத்துகிறதே தெரியவில்லை என்பது அவர் கண்டுபிடித்த பொருத்தம். நல்ல பொருத்தம்தான், நான் குறை சொல்ல மாட்டேன்.

இதற்கு நடுவில் அந்தப் படம் எங்களிடம் வந்து சேர்ந்தது. அவன் அதைத் தன் நண்பர்கள் குரூப்பில் போட்டு, அது கைமாறிக் கைமாறி பெரியம்மா மகன் வழியாக மதினியின் போனுக்கு வந்தது. அவள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஜன்னல் வெளிச்சத்தில் நான்கு நிறமும் எரிகிற மாதிரி இருந்தன. தட்டின் ஓரத்தில் என் விரல்கள். டம்ளர்களுக்குப் பின்னால், மங்கலாக, ஒரு வெள்ளைச் சட்டை. கீழே யாரோ ஆங்கிலத்தில் பிரமாதம் என்று எழுதியிருந்தார்கள். இரண்டு நொடி பார்த்திருப்பேன். அழித்துப்போடு என்று கத்தினேன். மதினி என் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே அழித்துவிட்டாள்.

அப்பா அதற்குப் பிறகு ஆறு வருடம் இருந்தார். என் மகளைத் தோளில் தூக்கினார். மதினி சார்ஜாவுக்குப் போய் அங்கேயே இரண்டு பிள்ளை பெற்றாள். என் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள், நான் வேறு பள்ளிக்கு மாறினேன். தென்காசி மாவட்டத் தலைநகரம் ஆன பிறகு எங்கள் தெருவுக்கு வந்த மவுசில் அந்த வீட்டை விற்றோம். இப்போது அங்கே ஜவுளிக்கடைக்கு வருகிறவர்களின் கார்கள் நிற்கின்றன. கூடம் இருந்த இடம் எது, ஜன்னல் இருந்த இடம் எது என்று என்னால் அடையாளம் சொல்ல முடியவில்லை. போன வருடம் அம்மாவிடம் ஒருநாள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் கேட்டுவிட்டு, சும்மா கிட, நீ பாத்திருக்க மாட்டே, ஒனக்கு அப்புறமா தோணுது என்றாள். இருக்கலாம். பன்னிரண்டு வருடத்தில் மனம் எதை வேண்டுமானாலும் கட்டிவிடும்.

அந்தப் படம் இருந்தால் தெரிந்துவிடும். வெள்ளைச் சட்டை நிமிர்ந்து இருந்ததா, சரிந்து இருந்ததா என்று பெரிதாக்கிப் பார்த்தால் போதும். மதினியிடம் கேட்டேன், அந்தப் பழைய போனே இல்லை என்றாள். பெரியம்மா மகனிடம் கேட்டேன், என்ன படம் என்றான். இரண்டு நொடி என் கையில் இருந்தது. அந்த இரண்டு நொடியிலும் நான் அப்பாவைப் பார்க்கவில்லை. நீலம் எங்காவது இறங்கியிருக்கிறதா என்றுதான் பார்த்தேன்.